பக்கத்து சீட்டு பிரேக்

மாஸ்டர்: …டை கட்டிக்கிட்டு கார் விக்கறீங்களே தம்பி, இதுக்குப் பேரு மூஞ்சியா? பல்லு விளக்காத திமிங்கிலம் மாதிரி வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது.

டைக்காரர்: புது டிசைன் சார். இந்த வருஷம் எங்க கம்பெனியில எல்லா மாடலுக்கும் இதே முகம். ஒரே குடும்பம்னு பாத்ததும் தெரியணும்ல.

மாஸ்டர்: குடும்பத்துல ஒருத்தருக்கு வாய் நீளம்னா எல்லாருக்குமா நீட்டணும்?

சம்சாரம்: எங்க வீட்டுலயும் அப்படித்தான் ஆச்சு தம்பி. இவர்கிட்டேருந்து மகளுக்கு வந்துச்சு. இப்ப பேத்திக்கும் வந்துருச்சு.

டைக்காரர்: மேடம், முதல்ல உக்காருங்க. காபி சொல்லட்டுமா?

சம்சாரம்: காபி வேண்டாம், கார் காட்டுங்க. பழைய வண்டியை என் தம்பி நேத்தே ஓட்டிக்கிட்டுப் போயிட்டான். திங்கக்கிழமை என் மக வேலைக்குச் சேர்றா. அன்னையிலேருந்து பேத்தியை ஸ்கூல்ல விட்டுக் கூட்டியாறது இவர் பொறுப்பு. மகளுக்கு வாக்கு குடுத்திருக்கார்.

மாஸ்டர்: குடுத்த வாக்கு குடுத்ததுதான். அதுக்காக இந்த மாதிரி டப்பாவுல எல்லாம் பேத்தியை ஏத்த முடியாது.

டைக்காரர்: சார் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்னு மேடம் போன வாரம் வந்தப்பவே சொன்…

சம்சாரம்: ஃபோன்ல. ஃபோன்ல சொன்னேன்.

டைக்காரர்: …ஆமா சார். ஃபோன்ல.

மாஸ்டர்: முப்பது வருஷம் தம்பி. இந்த ஊர்ல பாதிப் பேர் என்கிட்டதான் ஸ்டியரிங் பிடிச்சான். மீதிப் பாதி எதிர்த்த ஸ்கூல்காரன்கிட்டப் போனான். நீங்க ரோட்டுல எவனைத் திட்டினாலும் அது அந்த மீதிப் பாதியாத்தான் இருக்கும்.

சம்சாரம்: ஆரம்பிச்சாச்சு.

மாஸ்டர்: பின்ன? அவன் வண்டி ஓட்டவா சொல்லிக் குடுக்கறான்? தாலாட்டுல்ல பாடறான். "மெதுவாங்க… பரவாயில்லீங்க… அடுத்த தடவை சரியா வரும்ங்க…" விளக்குக் கம்பத்துல மோதினவனைப் பாத்து "பரவாயில்லீங்க"ங்கறான். கம்பம் என்ன பாவம் பண்ணுச்சு?

டைக்காரர்: சரி சார், சின்ன வண்டியிலேருந்து வருவோமா? இது பீப்போ. எங்க கம்பெனியோட…

மாஸ்டர்: பீப்போவா? இதுவா? என் ஸ்கூல் வண்டியே பீப்போதான்யா. கைக்குட்டை மாதிரி மடிச்சுப் பையில வெச்சுக்கலாம். இது என்ன, மாமியார் வீட்டுல ஆறு மாசம் டேரா போட்ட மாப்பிள்ளை மாதிரி ஊதிப்போய் நிக்குது?

டைக்காரர்: புது தலைமுறை சார். நீளம், அகலம் எல்லாம் கூட்டியிருக்கோம்.

மாஸ்டர்: வண்டியை அகலமாக்கிட்டீங்க. எங்க தெருவை யார் அகலமாக்கறது? டிக்கியைத் திறங்க. ஸ்டெப்னி எங்க?

டைக்காரர்: இப்பல்லாம் ஸ்டெப்னி வர்றதில்ல சார். பஞ்சர் கிட்தான். ஒரு டப்பா பசை, காத்தடிக்க ஒரு குட்டி மோட்டார்.

மாஸ்டர்: பசையா? நான் கார் கேட்டா ஒண்ணாம் வகுப்புக் கைவேலைச் சாமான் குடுக்கறீங்க. இதோட கத்திரிக்கோல், கலர் பேப்பர் எதுவும்… ஸ்ஸ்… அம்மா. எவன்யா இதைக் கொண்டுவந்து இங்க நிறுத்தினது?

டைக்காரர்: ஐயோ சார், பாத்து. அது… காலையிலேருந்து அங்கேயேதான் சார் நிக்குது. டார்க்கோ. எங்க உயரமான வண்டி.

சம்சாரம்: முட்டியா?

மாஸ்டர்: ஒண்ணுமில்ல. விடு. மனுஷன் நடக்கற பாதையில நிறுத்தினா…

சம்சாரம்: எங்க பழைய வண்டிக்கு ரெண்டு பக்கமும் இதே கதைதான் தம்பி. வாசல் கேட்டு வந்து இடிச்சுச்சு, சுவரு வந்து இடிச்சுச்சு. எங்க தெருவுல சுவரெல்லாம் கால் முளைச்சு நடமாடும்.

மாஸ்டர்: அவன் சுவரைத் தள்ளிக் கட்டியிருக்கான். அளந்து பாத்தாத்தான் தெரியும்… சரி, இந்த டார்க்கோவுல அப்படி என்ன இருக்கு?

டைக்காரர்: மலை, மேடு, கரடுமுரடான ரோடு… எங்க வேணா போகலாம் சார்.

மாஸ்டர்: இதை வாங்கறவன் எவன் மலையேறப் போறான்? மாடியேறவே லிஃப்ட் தேடறவன்தான் வாங்குவான். இது வேற ஒண்ணுமில்ல தம்பி. அதே பீப்போவுக்கு ஹீல்ஸ் செருப்பு மாட்டி நிறுத்தியிருக்கீங்க. பின்னாடி என்ன, ரெண்டு புகைக்குழாயா? விரலை விட்டா… அடைச்சில்ல இருக்கு.

டைக்காரர்: அது அழகுக்கு சார். நிஜக் குழாய் கீழ, உள்ள தள்ளி இருக்கு.

மாஸ்டர்: ஓட்டையில்லாத மூக்கு. அதுக்கு அழகு வேற. அந்த சாலினா எங்க? தாழ்வா, நீளமா, மரியாதையான வண்டி.

டைக்காரர்: சாலினாவை நிறுத்திட்டோம் சார். இப்ப யாரும் அந்த மாதிரி கேக்கறதில்ல.

மாஸ்டர்: உருப்படியா விட்டது ஒண்ணு. அதையும் கொன்னாச்சு.

சம்சாரம்: அது ஓடினப்ப "பாய் விரிச்சுப் படுக்கத்தான் லாயக்கு"ன்னு நீங்கதானே சொன்னீங்க?

மாஸ்டர்: செத்துப்போனதைப் பத்தி நாலு வார்த்தை நல்லதாச் சொல்ல விடேன். தம்பி, அந்தக் கடைசியில நிக்கற பூதம்?

டைக்காரர்: மெகாரோ சார். ஏழு பேர் தாராளமா உக்காரலாம்.

மாஸ்டர்: மூணாவது வரிசையில உக்காரணும்னா முட்டியைக் கழட்டி டிக்கியில வெக்கணும்போல இருக்கே.

டைக்காரர்: மூணாவது வரிசையை விரிச்சா டிக்கியே இருக்காதே சார்… ஐயோ, இதை நான் சொல்லியிருக்கக்கூடாது.

சம்சாரம்: பரவாயில்ல தம்பி. உண்மை சொல்ற ஆளைப் பாத்து எங்களுக்கும் நாளாச்சு. என்னங்க, சொட்டு விட்டீங்களா?

மாஸ்டர்: எந்தச் சொட்டு?

சம்சாரம்: சட்டைப் பையில வெச்சிருக்கீங்களே. ஜலதோஷத்துக்குன்னு.

மாஸ்டர்: ஜலதோஷம் சரியாப்போச்சு.

சம்சாரம்: ஆமாமா. ஜலதோஷத்துக்குக் கண்ணுல சொட்டு விடற ஆளை நான் இப்பத்தான் பாக்கறேன்.

மாஸ்டர்: …தம்பி, அந்தப் பச்சை பீப்போவுல என்ன இவ்வளவு பெரிய டிவி?

டைக்காரர்: அது கரண்ட்ல ஓடற பீப்போ சார். சத்தமே இருக்காது. ஏசி, பாட்டு, விளக்கு, எல்லாம் அந்த ஸ்க்ரீன்லதான். பட்டனே கிடையாது.

மாஸ்டர்: ஏசியைக் குறைக்க நாலு பக்கம் தள்ளணும். அதுக்குள்ள முன்னாடி போற லாரிக்குள்ள போயிடலாம்.

டைக்காரர்: வாயால சொன்னாலே கேக்கும் சார்.

சம்சாரம்: அப்ப இதையே முடிச்சிருவோம். வீட்டுல தான் சொன்னா கேக்க நாதியில்லன்னுதான் இவருக்கு நெடுநாள் குறை.

மாஸ்டர்: சத்தமில்லாத வண்டியில எப்படிச் சொல்லிக் குடுக்கறது? எஞ்சின் முனகறப்ப கியரை மாத்துன்னுதானே நான்…

சம்சாரம்: ஸ்கூலைத்தான் மூடியாச்சே.

மாஸ்டர்: முட்டி வலின்னு மூடினேன். திரும்பத் திறந்தா?

டைக்காரர்: சார், ஓட்டிப் பாத்தாப் பிடிச்சிரும். ஒரு ரவுண்டு போயிட்டு வருவோமா?

மாஸ்டர்: ஓட்டறதுக்கு முன்னாடியே இவ்வளவு குறை. ஓட்டினா உங்க மனசு தாங்காது.

டைக்காரர்: இதுல ஓட்டறவங்களுக்கு ரொம்பப் பாதுகாப்பு சார். இந்தப் பக்கக் கண்ணாடியில சின்ன விளக்கு பாருங்க. பக்கத்துல, நாம பாக்காத இடத்துல ஒரு வண்டி வந்தா இது எரியும்.

மாஸ்டர்: …என்ன சொன்னீங்க?

டைக்காரர்: நம்ம கண்ணுக்குப் படாத இடம் சார். அதை வண்டி பாத்துக்கும்.

மாஸ்டர்: ரெண்டு பக்கமும்?

டைக்காரர்: ரெண்டு பக்கமும்.

மாஸ்டர்: சைக்கிள் வந்தா?

டைக்காரர்: பின்னாடியிருந்து வந்தா… பெரும்பாலும் காட்டிரும் சார்.

மாஸ்டர்: பின்னாடியிருந்து இல்ல. பக்கத்துச் சந்துலேருந்து. ஒரு சின்னப் பொண்ணு… மஞ்சப் பை மாட்டிக்கிட்டு… சைக்கிளைத் தள்ளிக்கிட்டே வருது. அதைக் காட்டுமா?

டைக்காரர்: அதுக்கு வண்டி முன்பக்கம் ஒரு கேமரா இருக்கு சார். ஆனா… கண்டிப்பாக் காட்டும்னு நான் சொல்லமாட்டேன். கடைசியில ஓட்டறவங்கதான் பாக்கணும்.

மாஸ்டர்: ஓட்டறவன்தான் பாக்கணும். அப்ப எதுக்குய்யா இவ்வளவு விளக்கு? கல்யாண வீடா இது?

சம்சாரம்: தம்பி, கலர் எல்லாம் போட்ட அட்டை ஒண்ணு இருக்குமே, கொண்டாறீங்களா?

டைக்காரர்: இதோ இங்கேயே இருக்கு மேடம்.

சம்சாரம்: இது இல்ல. உள்ள இருக்கற அட்டை.

டைக்காரர்: உள்ள… ஓ. சரிங்க மேடம். தேட நேரமாகும்.

சம்சாரம்: நிதானமாத் தேடுங்க… எந்தப் பொண்ணுங்க?

மாஸ்டர்: எதுவும் ஆகல. பிரேக் பிடிச்சுட்டேன். பம்பருக்கும் அதுக்கும் நடுவுல ஒரு முழம் இருந்திருக்கும். அது என்னைப் பாத்து "சாரி அங்கிள்"னுச்சு. அதுவா சாரி சொல்லணும்?

சம்சாரம்: எப்ப நடந்துச்சு?

மாஸ்டர்: ஸ்கூலை மூடினேன்ல. அதுக்கு முந்தின நாள்.

சம்சாரம்: டாக்டர் என்ன சொன்னார்?

மாஸ்டர்: எந்த டாக்டர்?

சம்சாரம்: என்னங்க…

மாஸ்டர்: …நேரே எல்லாம் தெரியுது. பக்கம்தான் போயிருச்சாம். ரெண்டு பக்கமும் திரையை இழுத்துவிட்ட மாதிரி. போனது வராது, சொட்டு விட்டா மிச்சத்தைக் காப்பாத்தலாம்னார்.

சம்சாரம்: அப்புறம் எந்தத் தைரியத்துல மககிட்ட சரின்னீங்க?

மாஸ்டர்: ஊருக்கே சொல்லிக் குடுத்தவன், சொந்தப் பேத்தியைக் கூட்டியார முடியாதுன்னு எந்த வாயால சொல்றது? அதான் எந்த வண்டியும் பிடிக்கலன்னு தள்ளிக்கிட்டு வந்தேன். நல்லவேளை, இந்தக் கம்பெனிக்காரன் திட்டறதுக்கு ஒரு குறையும் வெக்கல.

சம்சாரம்: எதுவரைக்கும் தள்ளுவீங்க?

மாஸ்டர்: நீ வாயைத் திறக்கற வரைக்கும்.

சம்சாரம்: நானா? நான் எதுக்கு…

மாஸ்டர்: பழைய வண்டியைத் தினம் துடைக்கப் போவேன்ல. துடைச்சுட்டு டிரைவர் சீட்டுல சும்மா கொஞ்ச நேரம் உக்காருவேன்.

சம்சாரம்: சீட்டை நான் பின்னாடி தள்ளித்தானே வெச்சேன்.

மாஸ்டர்: சீட்டைத் தள்ளின. கண்ணாடியை விட்டுட்ட. அது உன் உயரத்துக்குக் குனிஞ்சு பாத்துக்கிட்டு நின்னுச்சு. ஒவ்வொரு ஸ்டூடண்ட் இறங்கினதும் முதல்ல கண்ணாடியைத் திருப்பினவன்டி நான். என்கிட்டயா?

சம்சாரம்: …நீங்க மத்தியானம் தூங்கறப்ப எடுத்துப் பழகினேன். லைசன்ஸும் வந்துருச்சு. சொன்னா உங்க மனசு நோகும்னுதான்… எங்க கத்துக்கிட்டேன்னு மட்டும் கேக்காதீங்க.

மாஸ்டர்: எங்க?

சம்சாரம்: எதிர்த்த ஸ்கூல்ல.

மாஸ்டர்: "பரவாயில்லீங்க"ன்னு சொன்னானா?

சம்சாரம்: நாளுக்கு நூறு தடவை. நீங்க கல்யாணமான புதுசுல ஒரே ஒரு நாள் சொல்லிக் குடுத்தீங்க. "கிளட்ச்சு, கிளட்ச்சு"ன்னு கத்தின கத்துல தெருவே ஜன்னலைத் திறந்து பாத்துச்சு. அதுக்கப்புறம் எனக்கு ஸ்டியரிங்கைப் பாத்தாலே உங்க குரல்தான் கேக்கும்.

டைக்காரர்: மேடம்… அட்டை கிடைக்கல. இன்னும் கொஞ்சம் தேடட்டுமா?

சம்சாரம்: போதும் வாங்க தம்பி.

மாஸ்டர்: வண்டியை வெளிய எடுங்க. மேடம் ஓட்டிப் பாக்கட்டும். போன வாரமே ஓட்டிப் பாத்திருப்பாங்களே… ஃபோன்ல.

டைக்காரர்: சார், அது வந்து… எந்த வண்டி சார் எடுக்கட்டும்?

மாஸ்டர்: அந்தச் சத்தமில்லாத மாப்பிள்ளையை எடுங்க. கிளட்ச்சே கிடையாதுல்ல அதுல? தெரு நிம்மதியாத் தூங்கட்டும்.

டைக்காரர்: நீங்க பின் சீட்டுல வசதியா உக்காந்துக்கங்க சார்.

மாஸ்டர்: பின் சீட்டா? பக்கத்து சீட்டு. அப்புறம், எடுக்கறதா இருந்தா இந்தப் பக்கம் எனக்கு ஒரு பிரேக் மாட்டிக் குடுப்பீங்களா?

டைக்காரர்: டிரைவிங் ஸ்கூல் வண்டியில மாஸ்டர் காலுக்குக் கீழ இருக்குமே, அதுவா? கம்பெனியில அது வராதே சார்.

மாஸ்டர்: பாத்தியா. வாய் மட்டும் இவ்வளவு பெருசு. உருப்படியா ஒண்ணு கேட்டா இல்ல.

சம்சாரம்: வெளிக் கடையிலயாவது மாட்டிக் குடுங்க தம்பி. முப்பது வருஷம் மிதிச்ச கால். சும்மா இருன்னா இருக்காது. பெடலை மட்டும் மாட்டுங்க, கம்பியை இணைச்சிராதீங்க. இவர் பாட்டுக்கு மிதிச்சுக்கிட்டே வரட்டும்.

மாஸ்டர்: தெரியும்டி. இணைக்கலேன்னா எனக்குத் தெரியாதா?

சம்சாரம்: தெரிஞ்சே மிதிங்க. பெல்ட்டைப் போடுங்க… ஏங்க, ஒண்ணு சொல்றேன். அந்த எதிர்த்த மாஸ்டரை இனிமே திட்டாதீங்க. அவர் சம்சாரம் மட்டும் அன்னைக்குக் காய்கறிக் கடையில என்னைப் பாத்து, "சும்மா வந்து உக்காந்து பாருங்கக்கா"ன்னு கூப்பிடலேன்னா, நான் இந்த சீட்டுல உக்காந்திருக்கவே மாட்டேன்.

மாஸ்டர்: அவங்க வீட்டுல காய்கறி வாங்கறது அவன். அன்னைக்கு ஒரு நாள் மட்டும் உன் சம்சாரத்தை அனுப்பி என் சம்சாரத்தைக் கூப்பிடச் சொல்லுய்யான்னு கேட்டு, நான்தான் அவன் ஸ்கூல் வாசல்ல போய் நின்னேன். எத்தனை வருஷம் திட்டியிருக்கேன்… "பரவாயில்லீங்க மாஸ்டர்"ன்னுட்டான். சரி, என் மூஞ்சியில என்ன இருக்கு? கண்ணாடியைப் பாத்து வண்டியை எடு.