நிற்காத சத்தம்

கொட்டாம்பட்டியில் மதுரை பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஐம்பதைத் தாண்டிய ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் அவருடைய மனைவியின் தம்பி என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"என்ன மாமா, ஒங்கப்பா காலத்துக் கார விட்டுட்டு பஸ்ல வாரீங்க?"

"அதுல ஒரு சத்தம் மாப்ள. முன்னாடி கொய்ங்குன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு."

"ஃபேன் எதுலயாச்சும் ஒரசும். இல்லைன்னா ஆல்டர்னேட்டர் பேரிங் போயிருக்கும்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். பெல்ட்டக் கழட்டிட்டு ஸ்டார்ட் பண்ணுனேன். பெல்ட் இல்லாம ரெண்டுமே சுத்தாதுல்ல? அப்பவும் சத்தம் இருந்துச்சு."

"அப்ப எஞ்சினுக்குள்ளதான்."

"எஞ்சின ஆஃப் பண்ணுனேன் மாப்ள. சத்தம் நிக்கல."

மச்சினன் அவரையே பார்த்தார்.

"வீட்டுக்குள்ள வந்து படுத்தேன், அங்கயும் கேட்டுச்சு. என் எடது காதுக்குள்ள இருக்கு. அந்தக் காதுல இப்ப பேச்சும் சரியா விழல. பின்னாடி வார லாரி ஹார்ன் அடிச்சாத் தெரியாதுன்னுதான் கார எடுக்கல. மதுரையில காது டாக்டரப் பாக்கப் போறேன்."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"பெல்ட் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

மேலூரில் பஸ் நின்றது. மச்சினன் அசையவில்லை.

"எறங்கு மாப்ள. ஒன் கடைய யாரு தெறப்பா?"

"கட கெடக்கு. டாக்டர் சொல்றது ஒங்களுக்குச் சரியா விழலைன்னா? நானும் வாரேன் மாமா."

அவர் மச்சினனின் கையைப் பிடித்தார். பஸ் கிளம்பிய பிறகும் விடவில்லை.