முட்டி வைத்துப் பார்க்காத மெத்தை

உட்கார்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது ஐயா, நின்றுகொண்டே சொல்கிறேன். மேசை முன்னால் நின்று ஃபோம் அறுத்தே தேய்ந்த உடம்பு, நாற்காலிக்குப் பழகவில்லை.

கடை அண்ணனுடையது. சோபா செய்பவர்கள் கழித்துப் போடும் ஃபோம் துண்டுகளை மூட்டையாக வாங்கி, வடிவாக அறுத்து மலிவாக விற்போம். தலையணைக்குள் திணிக்க, பொம்மை செய்ய என்று வாங்கிப்போவார்கள். வீட்டிலேயே அறுப்பவர்களுக்குச் சின்னச் சூட்டுக்கம்பிக் கருவியும் உண்டு. பின்னறையில் நானும் என் மனைவியும் அதே சூட்டுக்கம்பியால் அறுப்போம். துண்டுகள் களவு போகின்றன என்று அண்ணன் பின்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

நான் சரக்கு கொடுக்க வெளியே போயிருந்த ஒரு மதியம், கம்பிச் சூட்டில் கழிவு பற்றி, கடைப்பக்கம் வரும் வழியை நெருப்பு மறித்துக்கொண்டது. ஃபோம் எரிந்தால் நெருப்புக்கு முன்பே புகை ஆளை முடித்துவிடும். அவள் பின்கதவடியில் கிடந்தாள்.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் அண்ணன் என் காதுபடச் சொன்னார்: "கம்பிய அணைக்காம விட்டுட்டா. அவ அஜாக்கிரதைக்கு நான் என்ன பண்ண?" பூட்டைப் பற்றி மூச்சுவிடவில்லை.

பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. ஒரு பக்கம் கைகால் விழுந்துவிட்டது, வாய் மட்டும் பழையபடி ஓடியது.

"தம்பி, படுக்கைப்புண் வந்துரக் கூடாதுன்னு டாக்டர் சொல்றாரு. நல்லதா ஒரு மெத்த நீங்களே செஞ்சு குடுங்க" என்றார் அண்ணி.

செய்தேன். மேலே மெத்தென்ற ஃபோம். அதற்கடியில், அவருடைய வாலெலும்பு அமரும் இடத்தில், கழிவை அரைத்து அழுத்திய கட்டை ஒன்று. விவரம் தெரியாதவர்கள் மெத்தையை உள்ளங்கையால் அமுக்கிப் பார்ப்பார்கள். கைக்கு மேல்பரப்புதான் தெரியும். முட்டியை ஊன்றி ஏறினால்தான் அடியில் இருப்பது தெரியும். அது அண்ணனுக்குத் தெரியும், ஆனால் முட்டி ஊன்றும் நிலையில் அவர் இல்லை. அண்ணி உள்ளங்கையால்தான் அமுக்கினார். "பஞ்சாட்டம் இருக்கு தம்பி. நீங்க நல்லா இருக்கணும்."

அவரைப் புரட்டிப்போட அண்ணியால் முடியாது. அந்த வேலையையும் நானே ஏற்றுக்கொண்டேன். துடைத்துவிட்டு, அதே இடத்தில் சரியாகப் படுக்கவைப்பேன்.

"என்னடா மெத்த இது, கல்லாட்டம் குத்துது" என்பார்.

"நோகாம படுத்துக்கிட்டு நொட்டை சொல்றதப் பாருங்க" என்று அண்ணி சிரிப்பார்.

அண்ணி அடுப்படிக்குப் போனதும் குனிந்து கேட்பேன். "அவ எப்படிண்ணே செத்தா?"

"அதான் சொன்னேன்ல. அஜாக்கிரத."

பூட்டினது நான்தான் என்று ஒருதரம் சொல்லட்டும், அன்றைக்கே மெத்தையை மாற்றிவிடுகிறேன் என்று எனக்குள் முடிவு செய்திருந்தேன். நான் நியாயம் பார்க்கிறவன் ஐயா.

புண் வந்தது. ஆழமானது. எலும்பு தெரிந்தது. ஒரு மாலை அண்ணன் நல்ல கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"பூட்டுனது நான்தான்டா. அவ கதவத் தட்டுனது கேட்டுச்சு. சாவி இடுப்புலதான் இருந்துச்சு. பக்கத்துல போகப் பயந்துட்டேன்டா."

"சரிண்ணே" என்றேன். போர்வையை இழுத்துவிட்டு வந்தேன்.

மறுநாளும் போனேன். புரட்டினேன், துடைத்தேன், அதே இடத்தில் படுக்கவைத்தேன். புண்ணின் விஷம் ரத்தத்தில் ஏறி அவர் கண்மூடும்வரை அப்படித்தான்.

கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். சொல்லவேண்டியதை அவர் சொல்லிவிட்டார், அவர் பக்கம் கடன் எதுவும் நிற்கவில்லை. நான்தான் அண்ணனுக்கு ஒரு நல்ல மெத்தை பாக்கி.