கணுக்காலுக்கு மேலே ஒரு குழி

இரவு ஒன்பதரை இருக்கும். மழை விட்ட தெரு. ஒரே ஒரு கம்பத்தில் விளக்கு... அதுவும் விட்டு விட்டு எரிகிறது. கார்க் கதவைச் சாத்திய சத்தம் தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்தது.

இறங்கியவர் எங்கள் எதிர்வீட்டு நர்ஸ் அக்காவின் பெரியப்பா. இதய டாக்டர். இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது அவருக்கே நடந்தது.

இதயம் தளர்ந்தவர்களுக்கு உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும். ஆஸ்பத்திரியில் அதை வடித்து வீட்டுக்கு அனுப்புவார்கள். கொஞ்ச நாளில் கால் வீங்கி, மூச்சுத் திணறித் திரும்பி வருவார்கள். சிலர் வரவே மாட்டார்கள். பார்த்துப் பார்த்து அலுத்துப்போன டாக்டர், வேலை முடிந்ததும் வீடு வீடாகத் தானே போக ஆரம்பித்தார். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அமுக்குவார். குழி விழுந்து அப்படியே நின்றால் நீர் சேர்கிறது என்று அர்த்தம். அங்கேயே மருந்தை மாற்றுவார். எத்தனையோ பேர் அதில் பிழைத்தார்கள்.

"ஊரார் காலைப் பிடிச்சது போதும், வீடு வந்து சேருங்க" என்று அவர் மனைவி போனில் கத்துவாள்.

அன்று கடைசி வீடு ஒரு தையல்காரருடையது. மூன்றாவது மாடி. முந்தின நாளே போயிருக்க வேண்டும். அசதியில், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

இரண்டாவது மாடியிலேயே அவருக்கு இரைத்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருட்டு. தையல் மெஷின் எண்ணெய் வாசனை... நிமிர்ந்தார். மேல்படியில் தையல்காரர் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க டாக்டர். என்ன, இப்படி மூச்சு வாங்குது?"

"வயசாச்சுய்யா. நீங்க ஏன் இருட்டுல உக்காந்திருக்கீங்க?"

"நேத்து ராத்திரியிலேருந்து உங்களுக்காகத்தான். உக்காருங்க. மல்லாந்து படுக்க முடியுதா உங்களால?"

"சரிதான், என் கேள்வியை என்கிட்டயே கேளுங்க." டாக்டர் சிரித்தபடி படியில் சரிந்தார்.

தையல்காரர் சிரிக்கவில்லை. குனிந்தார். டாக்டரின் பேண்ட்டைச் சுருட்டிவிட்டு, கட்டைவிரலால் அமுக்கினார். சில்லென்று... எலும்பு வரை.

"குழி விழுது டாக்டர். நாளைக்குன்னு தள்ளாதீங்க."

மேலே தாழ்ப்பாள் விலகியது. தையல்காரரின் மனைவி விளக்கோடு எட்டிப் பார்த்தாள். அழுது வீங்கிய முகம்.

"யார்கிட்ட பேசறீங்க டாக்டர்? அவரு விடியக்காலையிலேயே போயிட்டாரே... சாயந்திரம் எடுத்தாச்சு. ராத்திரி பூரா கதவையே பாத்துட்டு இருந்தாரு. நீங்க வருவீங்கன்னு."

மேல்படி காலி. பேண்ட் மட்டும் சுருட்டினபடியே இருந்தது.

மறுநாள் சோதித்துப் பார்த்தார்கள். டாக்டரின் இதயமும் தளர்ந்திருந்தது. மருந்து கொடுத்தார்கள், வீக்கம் வடிந்தது, கால் குச்சியாகிவிட்டது. ஓய்வெடுக்கச் சொல்லி எல்லோரும் கெஞ்சினார்கள். கேட்கவில்லை. படிக்குப் படி நின்று, இரைக்க இரைக்க, இன்னும் வீடு வீடாகப் போகிறார்.

ஏன் என்று அக்காவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். முடியாமல் ஒரு வீட்டை நாளைக்கென்று விட்டுவிட்டால்... காலையில் எழுந்து பார்க்கும்போது, வீக்கமே இல்லாத அந்தக் காலில் ஒரு குழி இருக்கும். புதுசாக. தொட்டால் சில்லென்று.

போன வாரம் இரண்டு குழிகள் இருந்தனவாம்.

இரண்டும் ஒரே கட்டைவிரலுடையவை இல்லை.