குளியலறையில் ஒரு பெரணி

"இந்த விறகு சமையலுக்கு இல்லக்கா, செடிக்கு."

யுத்த காலத்தில் ஒரு காலை, பிரேசர் டவுன் விறகு டிப்போ வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண்தான் இப்படிச் சொன்னாள். அவளுக்கு முன்னால் நின்ற மூத்தவள் திரும்பிச் சிரித்தாள்.

"செடியை வேக வெக்கப் போறியா?"

"பட்டாளத்துல சேர்ந்து சிங்கப்பூர் போறப்ப எம்மவன் விட்டுட்டுப் போன பெரணிச் செடி, அக்கா. காத்து காஞ்சா இலை கருகிடும். அதை குளியலறையில வெச்சு, காலையில அண்டாவுல தண்ணி கொதிக்க விட்டு, ஆவி போகாம கதவைச் சாத்திடுவேன்."

"அப்ப உன் வீட்டுக்காரர் எங்க குளிப்பார்?"

"கொல்லையில, பச்சத் தண்ணியில. மருமக வர்றதுக்கு முன்னாடியே மகாராணி வந்துட்டான்னு முணுமுணுப்பார்."

"மவன் கடுதாசி போட்டானா?"

"எதிரி கையில சிங்கப்பூர் விழுந்ததிலேருந்து ஒண்ணும் வரல."

என் மகனும் அங்கேதான் இருந்தான். மூத்தவள் மறுபடி கேட்டாள்.

"செடியாவது நல்லா இருக்கா?"

"போன வாரமே காஞ்சு போச்சுக்கா. அவரும் பார்த்துட்டார். ஆனா காலையில எழுந்ததும், 'அண்டா அடுப்பைப் பத்த வெச்சியா'ன்னு கேட்டுட்டுத்தான் கொல்லைக்குப் போறார். நானும் பத்த வெக்கிறேன்."

மூத்தவள் ஒதுங்கி வழிவிட்டாள்.

"நீ முன்னாடி போம்மா."