நெறிக்கட்டு

— பிளாஸ்டிக் திரைக்கு அந்தப் பக்கம் நின்னு பேசு செந்தாமரை. இது மெடிக்கல் ரூம், சந்தக்கட இல்ல.

— அந்தாண்டதான் நிக்கிறேன், அமலா சிஸ்டர். மூணு மாசமா அந்தாண்டயேதான் நிக்கிறேன்.

— என்ன, திரும்பவும் அக்குளா?

— ஆமா சிஸ்டர். மொச்சக்கொட்ட கணக்கா இருந்துச்சு. இப்போ நெல்லிக்கா சைஸ்ல கீது. லைன்ல கைய ஒசத்தி வயர் கட்டும்போது இடிக்குது.

— மொச்ச, நெல்லிக்கா... காய்கறிக் கட போட்டுருக்கியா? அன்னைக்கே சொன்னேம்லா. கால்ல முள்ளு குத்துனா தொடையில நெறி கட்டும். கையில ஊசி குத்துனா அக்குள்ல நெறி கட்டும். கொரோனா ஊசி போட்டதுல ஒங்க லைன்லயே நாலு பேருக்கு வந்துச்சு, வத்திப் போச்சு. ஒனக்கு மட்டும் என்ன, கிரீடமா?

— அதுங்களுக்குப் பத்து நாள்ல போயிட்ச்சு சிஸ்டர். எனக்கு ஆடியில போட்டீங்கோ, இப்போ ஐப்பசி. வலியே இல்ல. ஆனா போவவும் இல்ல.

— வலி இல்லன்னா ஒருத்தி சந்தோசப்படுவாளா, இங்க வந்து மூக்கால அழுவாளா? ஷிப்டுக்கு மட்டம் போட ஆளுக்கொரு நோக்காடு. போன வருசம் இருமல், இந்த வருசம் அக்குள்.

— எனக்கு மட்டம் வாணாம். காஞ்சிபுரம் போவ ஒரு சீட்டு எழுதிக் குடுங்கோ. நீங்க எழுதலன்னா சூப்பர்வைசர் கேட்டத் தாண்ட உடமாட்டான்.

— கேன்சர் ஆஸ்பத்திரிக்கா? எவ சொல்லிக் குடுத்தா?

— எவளும் சொல்லல. என் நாத்தனார் மீனம்மா அப்டித்தான் செத்தா. மாருல கட்டி. லாக்டவுன்ல பஸ் கெடயாது, எங்க ஊரு வல்லம் வடகாலுக்கு ஒரு ஆட்டோக்காரனும் வர மாட்டேன்ட்டான். கொரோனா அடங்கட்டும், அப்புறம் காட்டிக்கலாம்னு நாங்கதான் சொன்னோம். பஸ் உட்டப்புறம் தூக்கினு போனா, ஏம்மா இவ்ளோ நாள் வச்சினு இருந்தீங்கன்னு டாக்டர் கேக்குறாரு.

— நாத்தனாருக்கு வந்தா நாட்டுக்கே வந்துருமா? ஒனக்கும் அவளுக்கும் ஒரே ரத்தமா? கொரோனா வந்தாலும் வந்துச்சு, போனப் பாத்துட்டு எல்லாவளும் டாக்டரம்மா ஆயிட்டாளுவ.

— அப்போ நெஜ டாக்டரம்மாவக் கூப்டுங்கோ. வருசா வருசம் கம்பெனிக்கு வந்து பொம்பளைங்களுக்கு மாரு செக் பண்ணுவாங்களே. ரெண்டு வருசமா ஏன் நிறுத்திட்டீங்கோ?

— ஆள ஆளு தொடக் கூடாதுன்னு ஆர்டர். ஒனக்காவ மாத்துவாங்களாக்கும்.

— நெத்தியில மட்டும் நாளிக்கு ரெண்டு வாட்டி மிஷினக் காட்றீங்கோ. ஜுரம் இல்லன்னா சீக்கே இல்லியா? மூணு வாட்டி வந்தேன். மூணு வாட்டியும் ஊசி நெறி, லைனுக்குப் போன்னு எழுதி அனுப்சீங்கோ. ஒரு வாட்டி தொட்டுப் பாத்தீங்களா? ஜவுளிக்கடை பொம்மைக்குக் கூடத்தான் வெள்ள கோட்டு மாட்டி வக்கிறான்.

— வாயி ரொம்ப நீளுது ஒனக்கு.

— நீளட்டும். சீட்டு வாங்காம இங்கருந்து நவுர மாட்டேன். என் பொண்ணு பத்தாவது படிக்கிறா சிஸ்டர். மீனம்மா புள்ளைங்க இப்போ எங்க வூட்லதான் துன்னுதுங்க. நானும் போயிட்டா மூணையும் யார் பாப்பா?

— ஒப்பாரிய நிறுத்து. தொட்டுப் பாக்கணும், அம்புட்டுதான? பாத்துட்டு, ஒண்ணுமில்லன்னு எழுதி ஒன் மூஞ்சில ஒட்டி அனுப்புதேன். உள்ள வா. கிளவுஸ் போட்டுக்கிடுதேன். பட்டனக் கழத்து. ம், கையத் தூக்கு... அந்தக் கை இல்லட்டி. எல்லாவளுக்கும் நான் எடது கையிலதான் ஊசி போட்டேன். போட்ட பக்கந்தான நெறி கட்டும்? நீ எதுக்கு வலது கையத் தூக்குத?

— கட்டி இங்கதான் சிஸ்டர் கீது.