கோப்பு இறங்கிய பிற்பகல்

நான் அவசரக்காரன் இல்லை. பதுளை பஸ் எத்தனை மணி நேரம் பிந்தினாலும் பேசாமல் நிற்பவன். யாழ்ப்பாணத்திலிருந்து இந்தத் தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு விஞ்ஞானம் படிப்பிக்க வந்து பத்தொன்பது வருடமாகிறது. ஒருவரோடும் சண்டையில்லை.

என் பொழுதுபோக்கு, வெடித்துப்போன ஒரு விண்மீன். அந்த வெடிப்பு பூமிக்குத் தெரிந்தது 1987இல். சிதறியது இன்னும் விரிந்துகொண்டே போய், சுற்றியிருக்கும் வாயு வளையத்தில் மோதுகிறது. மோதும் இடம் எக்ஸ் கதிரில் ஒளிரும். விண்வெளித் தொலைநோக்கி அதை விடாமல் படம் பிடிக்கிறது. தரவுகளை யாரும் இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு படத்தையும் அளந்து என் வரைபடத்தில் ஒரு புள்ளி வைப்பேன். வளையத்தின் கிழக்குப் பக்கம் மங்கிவருகிறது. அடுத்த படத்தில் எவ்வளவு மங்கியிருக்கும் என்று முன்கூட்டியே கணித்து வைத்திருந்தேன்.

மண்சரிவுப் பயத்தால் பாடசாலைச் சுவரில் ஒரு மழைமானியும் சைரனும் பூட்டியிருந்தார்கள். மழை அளவு மீறினால் சைரன் அடிக்கும், லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தொழிலாளர் சனம் மேட்டுக் கோயிலுக்குப் போய்விட வேண்டும். சைரன் பெட்டியின் சாவி என்னிடம். மீரியபெத்தைத் தோட்டம் மண்சரிவில் புதைந்த பிறகு மழை என்றாலே ஓடிய சனம், சைரன் வந்தபின் அதை நம்பி வீட்டில் இருக்கப் பழகியது.

புதிய படம் வெளியான அன்று, அடைமழையில் கரண்ட் போய் இரண்டு நாள். கணினி செத்துக் கிடந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலுக்கும் மேசைக்குமாக நடந்தேன். பதினொரு மணிக்குப் போய்ச் சைரன் பெட்டியைத் திறந்து பற்றரியைக் கழற்றி வந்து கணினிக்குப் பூட்டினேன். அரை மணி நேரந்தானே என்று நினைத்தேன். கைபேசி இணைப்பு ஊர்ந்தது. மூன்று மணியாயிற்று.

அப்போதுதான் லயத்துத் தலைவர் வீரய்யா நனைந்துகொண்டு வந்து வாசலில் நின்றார்.

"சார், மழை விடவே இல்லீங்க. புள்ளைங்கள கூட்டிக்கிட்டு கோயிலுக்குப் போயிரவா?"

"சைரன் அடிக்கேல்லைத்தானே, வீரய்யா. பயப்பிடாதேங்கோ."

"அதத்தாங்க நானும் சொன்னேன். பொம்பளைங்கதான் கேக்க மாட்டேங்கிறாங்க."

நிம்மதியாகச் சிரித்துவிட்டுத்தான் இறங்கிப் போனார்.

நாலு மணிக்கு மலை சரிந்தது. பதினொரு பேர். வீரய்யாவும் அவருடைய இரண்டு பேத்திகளும் அதில். நான் அழுதேன், அது நடிப்பில்லை.

ஏன் அவரிடம் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். சொல்லியிருந்தால் பற்றரியைத் திருப்பி மாட்டச் சொல்லியிருப்பார். கோப்பு முக்கால்வாசி இறங்கியிருந்தது. மறுநாளும் அது இணையத்தில் இருந்திருக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

எல்லாம் என் கையால் நடந்தது. இந்த வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்கிறேன். நீங்கள் எடுத்து வைத்திருக்கும் என் கணினியை மட்டும் ஒரு மணி நேரம் தாருங்கள், அந்தப் புள்ளியை வைத்துவிடுகிறேன். இத்தனை உயிர் போனது வீணாகிவிடக் கூடாது.