நீல ரிப்பன்

தர்மப் பிரபுன்னா எழுதிக்கிட்டீங்க? அடிச்சிருங்க ஐயா. செத்துப்போன புருஷனோட சரித்திரத்தை எழுதச் சொல்லி அந்தம்மா காசு குடுத்து உங்களை லண்டன்லேர்ந்து அனுப்பியிருக்காங்க, அவங்க கேக்குறதை எழுதுங்க, எனக்கென்ன. ஆனா என்கிட்ட வந்து கேட்டா நான் இப்படித்தான் சொல்லுவேன்.

பார்லிமெண்ட்லயா? கிழிச்சாரு. இருபத்திமூணு வருஷம் உக்காந்திருந்தாரு சர் ஆப்ரி ஸ்கெல்ஹார்ன். எந்திரிச்சுப் பேசினது ஒரே ஒரு தடவை. எதுக்கு? ரொட்டி விலைக்கா? சுங்கச்சாவடி அவரு வேட்டை நாய்க் கொட்டடிக்குப் பக்கத்துல இருக்காம், வண்டிக்காரங்க கொம்பு ஊதினா நாய்ங்க தூக்கம் கெடுதாம், இடத்தை மாத்தணுமாம். மாத்தினாங்களே! அதுக்கு ஊருக்கே பீர் ஊத்தினாரு மனுஷன்.

பக்தியா? சர்ச்சுல அவரு குடும்பத்துக்குத் தனி அடைப்பு, அதுக்குள்ள கணப்பு வேற. பிரசங்கம் கொஞ்சம் நீண்டுச்சுன்னா இரும்புக் கம்பியால கரியைக் கிண்டுவாரு, டங்கு டங்குன்னு. பாதிரியாரு பாதியிலேயே ஆமென் போட்டுட்டு இறங்கிருவாரு. பின்னால நாங்க விறைச்சுக்கிட்டு உக்காந்திருப்போம்.

ஆங், அதைக் கேளுங்க. ஓட்டை மாத்திப் போட்டதுக்காக யாரையும் நிலத்தை விட்டு விரட்டலைன்னு சொல்றாங்களா? நல்லா சொன்னாங்க. அப்ப ஜேபஸ் கார்பட் யாரு? எங்க அண்ணன்யா.

இப்ப மாதிரி சீட்டும் பெட்டியும் அப்ப ஏது. மேடையில ஏறி, ஊரே பாக்க, வாயால பேரைச் சொல்லணும். கீழயே நாற்காலி போட்டு உக்காந்து சர் ஆப்ரியோட காரியஸ்தன் ப்ளென்கின் ஒவ்வொருத்தனையா குறிச்சுக்குவான். குத்தகைக்காரங்க நாப்பத்தேழு பேரையும் வண்டியில ஏத்தி, தொப்பியில அவரு கட்சியோட நீல ரிப்பனைக் குத்தி, ஆட்டு மந்தையாட்டம் ஓட்டிட்டுப் போவாங்க. நாங்களும் போவோம், வெக்கங்கெட்டவங்க.

ஜேபஸ் மட்டும் வேற மாதிரி. அந்த வருஷம் சர் ஆப்ரி நரி வேட்டைன்னு குதிரைங்களை விட்டு அவன் கோதுமையில பாதியை மிதிச்சுட்டுப் போனாரு. அதுக்கு நாங்க தொப்பியைக் கழட்டிக்கிட்டு நின்னோம். அவனுக்குப் பொறுக்கலை. தேர்தலன்னிக்கு வண்டியிலேயே ரிப்பனைப் பிடுங்கிப் போட்டான். மேடையேறி, லாக்வுட்டுன்னு எதிராளி பேரை அடித்தொண்டையில கத்தினான். அழுகின முட்டை பறந்துச்சு. அவன் தொடைச்சுக்கக்கூட இல்லை.

மார்ச் மாசம் நோட்டீஸ் வந்துருச்சு. அறுபது ஏக்கர் ஐயா, அப்பா காலத்துலேர்ந்து உழுத மண்ணு. பொண்டாட்டி, மூணு பிள்ளைங்களோட கனடாவுக்குக் கப்பல் ஏறினான். சின்னது கடல்லயே போயிருச்சு.

சாட்சியா? அச்சுலயே இருக்கே! யாரு யாருக்குப் போட்டாங்கன்னு புத்தகம் போட்டு வித்தாங்க, எந்த வக்கீல் வீட்டுலயும் கிடக்கும். எங்க ஊர்ப் பக்கத்தைப் பாருங்க. லாக்வுட்டுக்கு நேரா ஒரே பேரு, ஜேபஸ் கார்பட். அதுக்கு அடுத்த வரி? நான்தான், சேத்.

இல்லை. நான் போட்டது சர் ஆப்ரிக்குத்தான்.

ரெண்டு பேரும் சேர்ந்தே லாக்வுட் பேரைச் சொல்றதுன்னு முதல் நாள் கையடிச்சு சத்தியம் பண்ணியிருந்தோம். ரெண்டு பேரா நின்னா விரட்ட யோசிப்பாங்கன்னு நான்தான் அவனுக்குத் தைரியம் சொன்னேன். முட்டை ஒழுகுற மூஞ்சியோட படியில நின்னு எனக்காகக் காத்திருந்தான். நான் அவனைப் பாக்கலை, ப்ளென்கினைப் பாத்தேன். சொல்லிட்டேன். சத்தமாத்தான் சொன்னேன்.

வீடா? நல்ல வீடுதான், எங்கப்பா கட்டினது. எனக்கு அதுவரைக்கும் ஆத்தோரத்துச் சதுப்புதான் குத்தகை. அந்த ஏப்ரல்ல ஜேபஸோட அறுபது ஏக்கரையும் இந்த வீட்டையும் சர் ஆப்ரி எனக்கே குடுத்தாரு. நான் வேண்டாம்னு சொல்லலை. அதையும் எழுதிக்குங்க, முழுப் பேரோட.